பாவு பிணைப்பு

சாமளாபுரத்தில் எங்கள் கட்டிலுக்கும்
எட்டுத் தறிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.
கல்யாணமாகி வந்த முதல் வாரம்
பஞ்சு உருட்டிக் காதில் வைத்துப் படுத்தேன்.
அப்புறம் பழகிவிட்டது.
தறி ஓடினால் உறக்கம்,
கரண்டு போனால் முழிப்பு.

ஆறாம் மாசம் நழுவ ஆரம்பித்தது.
மூன்றாம் தறி மீட்டரை
ஐந்தாம் தறிக் கணக்கில் எழுதினேன்.
ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று
போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒரு நாள் நாடாவுக்குப் பேர் வரவில்லை.
"அதானுங்க, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்
ஓடுமே, அது."
"வகுறு பெருக்கப் பெருக்க மண்டை சிறுக்குதாட்ட இருக்குது,"
சிரித்தார் பூபதி.

பல்லடத்து டாக்டரம்மா சிரிக்கவில்லை.
"நெசமாவே கொஞ்சம் சிறுக்கும்ங்க.
படம் புடிச்சுப் பாத்திருக்காங்க.
கெட்டுப் போறதில்ல அது,
புள்ளைக்குன்னு ஒதுங்க வெக்கிறது."

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
பாவு பிணைப்பது என் தொழில்.
பாவு தீர்ந்த தறியில்
பழசை முழுக்க உருவ மாட்டோம்.
விழுதுக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு அறுப்போம்.
தொங்குகிற ஒவ்வொரு நுனியிலும்
புதுப் பாவின் ஓர் இழை.
இரண்டாயிரத்து நானூறு இழை.
ஒன்று மாறினாலும் துணி காட்டிக்கொடுக்கும்.
அறுக்காத இடத்தில் முடிச்சு விழாது.
சரி.
என்னை எந்த ராத்திரியில் அறுத்தார்கள்?

பிரசவத்துக்கு ஊதியூர்ப் பக்கம், அப்பன் தோட்டம்.
மயில் அகவுவதைத் தவிர சத்தமில்லை.
பொழுதோடத் தொடங்கினால் விடியும்வரை அழுதாள் தாரிகா.
வயிற்று வலி என்றார்கள், கண்ணேறு என்றார்கள்,
என் பாலைக் குறை சொன்னார்கள்.
இருபதாம் நாள், சலிப்பில்,
வட்டலைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்டினேன்,
சடக் படக், சடக் படக்.
அழுகை பாதியில் நின்றது.
தோலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோதே
எட்டுத் தறியையும் கேட்டு
ஊர் இன்னதென்று முடிவு செய்திருக்கிறாள்.
அமைதிதான் அவளுக்கு அசலூர்.

திரும்பி வந்த பிறகு வேறொன்று.
நாடா தெறித்துச் சுவரைத் துளைத்துத்
தொட்டிலுக்குள் விழுவதைப் பார்த்தேன்,
கண்ணைத் திறந்துகொண்டே, பட்டப்பகலில்.
மூக்கடியில் விரல் வைத்து மூச்சு இருக்கிறதா என்று
ஒரு ராத்திரிக்குப் பதினேழு முறை.
யாரிடமும் சொல்லவில்லை.
ஊசி போட வந்த நர்ஸ் செல்வராணிதான்
நான் கேட்காமலே சொன்னாள்:
"எனக்கும் வந்துச்சுங்க. கெணறு தெரியும் எனக்கு.
ரொம்ப நாள் போச்சுன்னா சொல்லுங்க,
மறைக்காதீங்க."
அன்றைக்குத்தான் அழுதேன்.

எட்டுத் தறி ஓடும்.
இடி விழுந்தாலும் எழாத எனக்கு
உடம்பு தானாக எழுந்து உட்காரும்.
பார்த்தால், அவள் இன்னும் அழவில்லை.
உதடு மட்டும் கோணிக்கொண்டிருக்கும்.

நாலாம் மாசம் ராத்திரி வேலைக்குப் போனேன்.
விடிகாலை வந்தபோது
தோளில் அவளைப் போட்டுக்கொண்டு நின்றார் பூபதி.
"இத்தனை சத்தத்துல எப்புடி முழிச்சீங்க?"
"தெரியலியே. நா முழிச்ச பொறவுதான் அழுதா."
அவர் சட்டையில் பால் கக்கிய கறை.
அவரையும் யாரோ அறுத்துவிட்டிருக்கிறார்கள்,
சுமக்காமலே.

இப்போது அவள் "ங்" என்கிறாள்.
நான் "ங்" என்கிறேன்.
கொஞ்சம் பொறுத்து, யோசித்து, மறுபடி "ங்".
போன நாடா திரும்பி வருகிறது.
வராத நேரம் அவள் முகம் ஒரு கணம் வெறிச்சோடும்;
கையில் மாவிருந்தாலும் போட்டுவிட்டு
ஓடிப்போய்ச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பேர்
இன்னும் வரவில்லை.
நல்லவர். சிவப்புப் பேனா.
அந்த நுனி எங்கே தொங்குகிறதோ.