கட்டத்தாள், பிப்ரவரி

வல்மியெராவில் தோட்டம் இன்னும்
முழங்கால் பனிக்குள் கிடக்கிறது.
எகில்ஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து
என் சமையலறைக் கதவைத் தட்டுகிறான்.
ஆறு வருஷத்துக்கு முன்
தட்டாமல் நுழைந்த கதவு.

வீட்டை நீதிமன்றம் மேல்கீழாகப் பிரித்தது.
கரண்டிகளை நாங்களே பிரித்துக்கொண்டோம்.
தோட்டத்தை அளக்க வந்தவர் கேட்ட கூலியில்
மூன்று வருஷத்துக்கு விதை வாங்கலாம்.
அதனால் அது மட்டும் பிரியவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை இப்படி உட்காருவோம்.
கட்டத்தாள், பென்சில், ரப்பர்.
ஒரு கட்டம் அரை மீட்டர்.
ஆளுக்கு நாற்பது யூரோ மேசைமேல்,
அவனுடையது எப்போதும் சில்லறையாக.

முதல் அடி பசுமைக்குடிலில்:
டிசம்பர் பனி ஏறி உட்கார்ந்து கூரைத்தகடு விரிசல்.
முப்பத்தெட்டு.
டேப் ஒட்டினால் ஆகாதா என்கிறான்.
போன வருஷமும் டேப்தான் என்கிறேன்.
விதைக்குப் பதினேழு நாற்பது.
நாற்று மண் இரண்டு மூட்டை, பதினொன்று.
நத்தைக்கு நாலு எண்பது.
கயிறு இரண்டு முப்பது. பழைய கயிறு இருக்கிறதே?
அதில்தான் உன் பனிச்சறுக்கு மட்டைகளைக் கட்டியிருக்கிறாய்.
குதிரைச் சாணம் இலவசம், அதை ஏற்றிவரும் பெட்ரோல்
யார் தலையில் என்பது ஏப்ரல் சண்டை.
ஏப்ரலுக்கே விட்டோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
மண் ஆற்றைவிட மோசம், ரசீதே தராது.
போன வருஷத் தக்காளியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்:
பழம் ஒன்று, ஒரு யூரோ இருபது.
அவனிடம் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்திவிடலாம் என்பான்.
நாற்று அவன் ஜன்னலில்தான் வளர்ந்தாக வேண்டும்,
மார்ச் வெயில் மாடிக்குத்தான் முதலில் வரும்.
நீதிபதிக்கு அது தெரியாது.

மிச்சம் ஆறு ஐம்பது.
வழக்கமாக இங்கே எனக்குப் பூ வேண்டும்,
அவனுக்கு இன்னொரு வகை வெள்ளரி.
இந்த முறை பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான்.
பிறகு மேசையைப் பார்த்தபடி,
"நூல்கோல் கொஞ்சம் போடலாமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் நூல்கோலை அவன்
தட்டின் ஓரத்துக்குத் தள்ளித்தான் பார்த்திருக்கிறேன்.

"ஸைகாவுக்குப் பிடிக்கும்.
காசு தனியாகத் தருகிறேன்."

ஸைகா. சனிக்கிழமைகளில் மாடிப்படியில்
கிரீச்சிடும் எட்டாவது படியைத்
தாண்டத் தெரியாத காலடி.

"வேலியோரமாக, உன் கண்ணில் படாமல்" என்று
விரலை வைத்தான். நல்ல எண்ணம்தான்.
ஆனால் போன வருஷம் வேலியோரம் முட்டைக்கோஸ்.
நூல்கோலும் அந்தக் குடும்பம்.
கோஸ் நின்ற மண்ணில் கோஸின் சொந்தம் வந்தால்
வேரில் முடிச்சு விழும்.
நடுப்பாத்தியில் அதற்கு முந்தின வருஷம் முள்ளங்கி,
அதுவும் சொந்தம்.
கிணற்றடியில் பிராக்கோலி.
நாலு வருஷத் தாள்களையும் விரித்தேன்.
அந்தக் குடும்பத்தின் கால் படாத மண் ஒன்றுதான்:
என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே,
சாமந்திக்கென்று நான் வைத்திருந்தது.

பாத்தி மாற்றுவது எப்போதும் என் இலாகா,
அவனுக்கு இது தெரியாது.
வேலியோரமே இருக்கட்டும் என்று விட்டிருந்தால்
ஜூலையில் தானாக வாடியிருக்கும்.
என்னை யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது.

ரப்பரை எடுத்தேன்.
சாமந்தியில் இரண்டு கட்டம் அழித்தேன்.
தேய்த்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்தது.
'நூ' என்று எழுதி வட்டமிட்டேன்.
பாக்கெட் ஒன்று முப்பத்தைந்து. பொதுக் கணக்கில்.
"செடிக்குச் செடி இருபத்தைந்து சென்டிமீட்டர்,
நெருக்கினால் பருக்காது. அவளிடம் சொல்."

கதவருகே நின்று கேட்டான்:
"பூண்டு கணக்கிலேயே வரவில்லையே?"

பூண்டு அக்டோபரில் ஊன்றியது.
காசு அப்போதே கொடுத்தாயிற்று.
பனிக்கடியில் இருக்கிறது.