தோல் என்றொரு சொல்

நியூகாசிலில் இருந்து வந்த கடிதம்.
அறை வாடகைக்குக் கொடுத்த கிழவி
நீல மையில், ஒன்றரைப் பக்கம்.
குருநகர் அந்திராசு அதைச் சட்டைப்பையில்
வியர்வையோடு கொண்டுவந்தார்.
கச்சேரியடியில் என் மேசை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, பக்கம் எழுநூற்றைம்பது.

பத்து வரி தடங்கலின்றிப் போயிற்று:
பனி, ஆஸ்பத்திரி, இரண்டாவது போர்வை, கடைசிக் கிழமை.
பதினோராவதில் நின்றேன்.
றெமீசியஸ் எல்லாவற்றையும் என்ன செய்தான் என்கிறாள்?
வாய்விட்டு வாசித்தேன். தோல்.

"தோளோ?" என்றார்.
இயந்திரப் படகு பாதி தின்ற காது.
"எங்கட சொல்லெல்லோ, பிள்ளை."
இல்லை ஐயா, ஒலி மட்டும்தான்.

சின்ன அகராதியில் இல்லை.
தடித்ததில் இருந்தது, சாய்ந்த எழுத்தில்:
வட்டார வழக்கு, வடக்கு, பழையது.
முதலில் ஒரு பெயர்ச்சொல்:
படகு விளிம்பில் சவள் சாய்ந்து உழலும் முளை.
"அதுதான்" என்றார் உடனே,
"முளை தேயும், சவளை விடாது."
அதன் வேர் வேறு என்று
நான் சொல்லவில்லை.

கீழே வினைச்சொல்:
நோவை, குளிரை, முறையிடாமல் தாங்குதல்.
அதற்கும் முன்பு, வெறுமனே தூக்குதல்.
அந்த வேரின் இன்னொரு கிளை
வடமொழிக்குள் போய்த் தராசாகி
நம்மிடம் வந்தது என்கிறார்கள்:
துலா.

மோட்டர் எரிந்த கிழமை
கோண்டாவிலில் என் கிணற்றடியில்
நான் இழுத்துத் தாழ்த்திய அதே மரம்.
ஒரு முனையில் கல், மறுமுனையில் வாளி.
முறையிடாமல் என்கிறது அகராதி.
துலா முனகும்.
பக்கத்து வளவுக்கும் கேட்கும்.

"ஞாயிறு ஞாயிறா எடுப்பான்.
சுகமா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவான்.
இருமல் கேட்கும். தூசியாம்."

தாங்கினான் என்று எழுதி வெட்டினேன்.
சகித்தான், அது பிரசங்கம்.
பொறுத்தான்.
பொறை என்றால் சுமை,
பொறை என்றால் பொறுமையும்.
இது போதும் கிழவிக்கு.
மூலத்துக்கு மாறில்லை என்று ஒப்பமிட்டு
முத்திரை குத்தினேன்.

அவர் காசை எண்ணி வைத்தார்.
எழும்பவில்லை.

"அங்கையே தாட்டுப்போட்டினம்.
பெட்டிக்குத் தோள் குடுக்கக் கிடைக்கேல்லை.
அந்த இங்கிலீசுச் சொல்லை
ஒரு துண்டில எழுதித் தாங்கோ பிள்ளை,
தமிழில.
ள் போட்டு."

சத்தியம் செய்து தொழில் செய்கிறவள் நான்.
ள் போட்டேன்.