தூண்டில் நரம்பு

செரெகுண்டா சந்தையில் நைலான் நரம்பு கேட்டால்
கடைக்காரன் கேட்பான்: என்ன மீனுக்கு?
ஃபிலிஜே குயாத்தே சொல்வார்:
பேருக்கு.

இருபத்தொரு நரம்பு, சுரைக்குடுக்கை, மாட்டுத்தோல்.
பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீடுகளில்
எட்டுத் தலைமுறையை இழுத்துக் கரைசேர்ப்பார்.
கூலி, அரிசி மூட்டை;
சில நாள் வெறும் கைகுலுக்கல்.

அமைச்சர் வீட்டுக் கல்யாணத்தில்
பாட்டன் அடைக்காத கடனையும் பாடிவிட்டார்.
மூன்று வருஷம் வானொலி கூப்பிடவில்லை.

அப்படித்தான் பெர்கன்.
ஓயாத மழையில் கோராவின் தோல் தளர்ந்தது.
மாலை வகுப்பில்
ஓய்வுபெற்ற பல்மருத்துவர் சிக்ரூன்
ஒவ்வொரு சுரத்தையும் தாளில் குறிப்பாள்.
இந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்றாள் ஒருநாள்.

உன் முப்பாட்டன் பேரென்ன?

தெரியாது.
படகு வைத்திருந்தாராம்.

அவர்
படகிலிருந்தே ஆரம்பித்தார்.