பெட்டிக்கு எத்தனை மைல்

யார்க்டனில் ஜனவரி.
நிலம் நான்கடி ஆழம்வரை கல்.
வாசில் போஹுனைப் புதைக்க
முதலில் பூமியை இளக்க வேண்டும்.
தகரக் கூண்டைக் கவிழ்த்து
உள்ளே வாயு அடுப்பை எரியவிட்டு
முழுசாக ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.
அதற்கு நானூற்றிருபது டாலர்,
ரசீதில் அது தனி வரி.

மொத்தம் பதினாலாயிரத்து எண்ணூறு.
தாளை மேசையில் வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
இந்த நிமிடத்தில்தான் பிள்ளைகள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.
அதை நான் பார்க்கக் கூடாது,
முப்பத்தொரு வருடத் தொழில் பழக்கம்.

"நான் கட்டுகிறேன்" என்றான் மூத்தவன் டேரல்.
"நீ எதற்கு? நான்" என்றாள் மார்னி.
இளையவன் கர்டிஸ் பேசவே இல்லை,
பர்ஸைத் திறந்துவிட்டிருந்தான்.

எனக்குத் தொண்டை அடைத்தது, பொய்யில்லை.
அப்பனைப் புதைக்கும் செலவுக்கு
இப்படி முந்திக்கொள்ளும் பிள்ளைகளை
இந்த நாற்காலிகளில் கண்டதில்லை.
பிறகுதான் கார்டுகளைக் கண்டேன்.
ஒன்று கருநீலம், ஒன்று வெள்ளி,
மூன்றாவதன் மூலையில் சின்னதாய்
ஒரு விமானத்தின் வால்.

மார்னிக்கு ஹவாய் போக ஒன்பதாயிரம் குறைகிறது.
டேரல் மார்ச்சுக்குள் பத்தாயிரம் டாலர் செலவழித்தால்
இனாமாக அறுபதாயிரம் மைல்.
கர்டிஸுக்கு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை,
"சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

ஓக் பெட்டி, ஐயாயிரத்து நூறு மைல்.
ஊர்தி வாடகை, எழுநூறு.
கோயில் மாதர்கள் இரவெல்லாம் மடித்துக் கொடுத்த
பெரோகி, ஆயிரத்துச் சொச்சம்.
"வால்நட் பெட்டி என்றால் எவ்வளவு வரும்?"
மார்னி மெதுவாகக் கேட்டாள்.
டாலரா மைலா என்று
நான் திருப்பிக் கேட்கவில்லை.

கார்டைத் தேய்த்தால் நூற்றுக்கு இரண்டே முக்கால்
என் பங்கிலிருந்து போகும்.
அவர்கள் ஏறும் விமானத்துக்கு
எண்ணெய் ஊற்றுவது நான்.

நான் மட்டும் என்ன யோக்கியன்?
வின்னிபெக்கிலிருந்து வரும் பெட்டிகள்,
ஊர்திக்குக் குளிர்கால டயர்,
மெழுகுவர்த்தி, பஞ்சு, கையுறை
எல்லாம் என் கார்டில்தான்.
ஒன்பது லட்சத்துப் பதினோராயிரம் மைல்.
நிலாவுக்கு இரண்டு முறை போகலாம்,
இரண்டாம் முறை திரும்பும்போது
வீட்டுக்குச் சற்று முன்னால் தீர்ந்துபோகும்.
நானும் லெஸ்யாவும் போனது ரெஜைனாவரை,
அதுவும் காரில்.

ஒருமுறை அசோர்ஸ் தீவுக்குச் சீட்டு எடுத்தோம்.
நவம்பர், கூட்டம் இல்லாத காலம்.
பெட்டி கட்டினோம்,
என் பெட்டி அல்ல, துணிப் பெட்டி.
அந்த வாரம் மூன்று பேர்.
சாவு நாள் பார்த்து வராது என்பார்கள்.
எங்கள் நாளை மட்டும் பார்த்து வருகிறது.
மைல்களைக் கணக்கில் திருப்பிப் போட
நூற்றைம்பது டாலர் பிடித்தார்கள்.
அதையும் கார்டில் கட்டினேன்.

கடைசியில் மூன்றாகப் பிரித்துத் தேய்த்தேன்.
ஆளுக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று,
சென்ட் முப்பத்து மூன்று.
இயந்திரம் மூன்று முறை கீச்சிட்டது,
மூவரும் ஒரே மாதிரி மூச்சு விட்டார்கள்.
ஒரு சென்ட் மிஞ்சியது.
இந்த நாட்டில் அந்தக் காசு ஒழிந்து பல வருடம்.
வாசிலுக்காக அதை நான் போட்டேன்.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நான்கு இலையுதிர்காலத்துக்கு முன்
அவரே வந்திருந்தார், கோதுமைத் தூசித் தொப்பியோடு.
கல்லறைக் கல்லுக்கு முன்பணமாகவே முழுப்பணம்,
இரண்டாயிரத்து அறுநூறு.
கார்டை நீட்டியவர் கையைப் பாதியில் நிறுத்தி
முகப்பின்மேல் குனிந்தார்.
"இதுக்குப் பாயிண்ட் உண்டா, ஓரெஸ்ட்?"
உண்டு என்றேன்.
ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து
பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
எங்கே போக என்று நான் கேட்கவில்லை.

இருட்டியதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்
கூண்டை ஒருபக்கம் தூக்கிக் கம்பியால் குத்தினேன்.
இரண்டடி இளகியிருக்கிறது.
இன்னும் இரண்டு.