பத்துக்குக் கீழே

தரமணி. மூன்றாம் மாடி. ஜன்னல் வைக்காத அறை.
கைப்பேசி, பேனா, கசங்கிய பஸ் டிக்கெட் வரை
எல்லாம் லாக்கரில்.
ஹஸீனா மேடம் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார்:
"இதிலும் எதுவும் எழுதல."

சாயங்காலம் அவர் அட்டவணை என்னிடம் வரும்.
பத்துக்குக் குறைந்த எண்
இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

எண்ணூர், பெண்கள், முப்பது வயதுக்குள், நுரையீரல்:
மூன்று.

நட்சத்திரக் குறி போட்டேன்.
மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்
பக்கத்துக் கட்டத்துக்கும் ஒன்று.
அந்தப் பதினான்கு பேர்
சும்மா மாட்டிக்கொண்டவர்கள்.

பறக்கும் ரயிலில்
எதிர் சீட்டுக்காரி இருமினாள்,
துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்து,
மறுபடியும்.
முப்பது இருக்காது.

எங்கே போகிறாள் என்று தெரிந்துவிடுமுன்
மந்தைவெளியிலேயே
இறங்கிக்கொண்டேன்.