இன்னும்

எனக்கு வரும் அறிக்கைகளில்
யாரும் சாவதில்லை.
செத்தவர்களுக்கு மேல்மாடியில் தனி அலுவலகம்,
நல்ல நாற்காலிகள்.
என் மேசைக்கு வருபவை
நடக்காமல் போனவை.

பிப்ரவரி. லாப்லாந்து. காலை ஆறு நாற்பது.
பனி பக்கவாட்டில் பெய்தது என்கிறது தாள்.
பார்வை முந்நூறு மீட்டர்.
தலைமை விமானி அன்செல்மோ கிந்தேலா, போர்த்துகல்காரர்:
பத்தொன்பதாயிரம் மணி நேரம்.
துணை விமானி லேலோ ரௌட்கிவி, எஸ்தோனியாக்காரி:
அறுநூற்றுப் பத்து.
எண்களை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்
அந்தச் சின்ன அறையில் யார் பேசுவார்,
யார் தொண்டையைச் செருமுவார் என்று.

கோபுரம் சொன்னது:
'புறப்பட்ட பின் வலப்புறம் திரும்பவும்.'
அதன் மேல் இன்னொரு குரல் ஏறி விழ
ஒரு நொடி கிறீச்.
அவர் காதில் தங்கியது
புறப்படு என்பது மட்டும்.
ஒரு மணி நேரத் தாமதம்,
இறக்கையில் தெளித்த பனிக்காப்புத் திரவத்துக்கு
இன்னும் ஆறு நிமிட ஆயுள்.
பசித்த காது
தனக்கு வேண்டியதைத்தான் பொறுக்கும்.
திருப்பிச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை
அவர் திருப்பிச் சொல்லவில்லை;
நெம்புகோலைத் தள்ளினார்.

கிறீச்சுக்குள் இருந்தவர் தைஸ்தோ ஹல்மே,
பனி வாரும் வண்டி ஓட்டுநர்.
பேசியது என் மொழி, ஃபின்னிஷ்.
அவள் மொழியும் என் மொழியும் ஒன்றுவிட்ட சகோதரிகள்,
முழுக்க நம்பக் கூடாத உறவு.
அவள் ஊரில் வெறும் புத்தகமாக இருக்கும் சொல்
கடல் தாண்டி எங்களிடம் வந்தால் விவிலியம்.
புரியாத வாக்கியத்தில்
ஒரே ஒரு சொல் அவளைக் குத்தியது:
வியெலா.
அது தன் ஊர் 'வேல்'தானா?
வேல் என்றால் இன்னும்.
இன்னும் என்ன? இன்னும் எங்கே?

முதலில் அவள் சொன்னது, அவளே எழுதியபடி:
'பனி கொஞ்சம் அதிகமோ, கேப்டன்?'
இதன் கீழ் சிவப்பில் கோடிட்டேன்.
இது கேள்வி இல்லை.
கதவைத் தட்டாமல்
கதவருகே நின்று இருமுவது.
'ம்' என்றார்.
முப்பது நாட்.
'அனுமதி... வந்துவிட்டது, இல்லையா?'
'ம்.'
ஐம்பது.
பிறகு,
ஒரு 'ங்கள்' சேர்க்கவும் நேரமில்லாத குரலில்,
நில்.

நின்றார்.
இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை.
ஏன் என்று கேட்கவில்லை, முகம் பார்க்கவில்லை.
பத்தொன்பதாயிரம் மணி நேரமும்
ஓர் அசைக்குக் கட்டுப்பட்டு
மூக்கைத் தாழ்த்தி, நடுங்கி, நின்றது.

கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் விளக்கு.
சுற்றியது. இல்லாமல் போனது. சுற்றியது.
பக்கத்திலேயே இன்னொன்று.
அப்புறம் மூன்றாவது.

தைஸ்தோவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
'எந்த விமானம்?' என்றார்.
'இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று சொன்னேனே.
பதில் வரவில்லை. தள்ளிக்கொண்டே போனோம்.
எனக்கு முதுகுப் பக்கம்
எப்போதும் வெறும் வெள்ளைதான்.'

ஒலிப்பதிவு கேட்டு எழுதினேன்; வந்தது.
கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்திருக்கும் கருவி அது.
விமானம் அதற்குப் பின் போர்த்தோ வரை பறந்திருக்கிறது.
'நில்' இருந்த இடத்தில்
யாரோ சர்க்கரை இல்லாத காபி கேட்கிறார்கள்.

சேதம்: இல்லை. காயம்: இல்லை.
தாளின் அடியில், வேறு கையெழுத்தில்,
படிவம் கேட்காத ஒரு வரி:
'மூன்று முறையும் காதில் விழுந்தது.
மூன்றாவது முறைதான் கேட்டேன். அ.கி.'

கோப்பை மூடியாயிற்றா என்று
மேலிடத்திலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது.
பனி விடாத ஒரு மாலையில்
இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன்:
வியெலா.