மூன்று மைக்ரான்

சாண்டா குருஸ் மேட்டில் காற்றுக்கு வார விடுமுறை கிடையாது.
வேனை அதன் முகம் பார்த்து நிறுத்த வேண்டும்;
மறந்தால் கதவு கையோடு பிய்த்துக்கொண்டு போகும்.
கம்பிவேலியில் பிளாஸ்டிக் பைகள் படபடக்க
குவானாக்கோ ஒன்று என்னைப் பார்த்து மென்றுகொண்டிருந்தது.

இரண்டாம் கம்ப்ரசர் வெள்ளி இரவு தானாக நின்றிருக்கிறது.
வென்ட் குழாயில் கசிவு
முதலில் முனகி, பிறகு முள் முட்டும்வரை ஏறி.

ஒவிதியோ அந்திலெஃப், இரவு ஆபரேட்டர்,
மாத்தே குடுவையை நீட்டினார்.
உறிஞ்சினேன். கசப்பு.
அவர் கண் என் கருவிப்பெட்டியைவிட்டு நகரவில்லை.

பூட்டுத்தகட்டை மாட்டி
சீலை முழு உருளையாக வெளியே இழுத்தேன்.
கையுறையெல்லாம் கரிப்பொடி.

உள்ளே இரண்டு வளையங்கள்.
ஒன்று தண்டோடு சுற்றும்,
ஒன்று ஸ்பிரிங்கில் சாய்ந்து நிற்கும்.
சுற்றுவதன் முகத்தில் சுருள் சுருளாய்ப் பள்ளங்கள்;
அவற்றின் வழியே வாயு புகுந்து
இரண்டையும் விலக்கிப் பிடிக்கும்,
பட்டும் படாமலும்,
நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று.

மயிரிழையை இருபதாய் வகிர்ந்தால்
அதில் ஒரு கீற்று அந்த இடைவெளி.
வடிகட்டிய, சூடான, உலர்ந்த வாயுவுக்கு மட்டும் அனுமதி.
எண்ணெய் ஆகாது.
தூசி ஆகாது.
ஈரம் ஆகவே ஆகாது.

கார்பன் முகத்தில் ஒரு கறை இருந்தது,
மேசையில் காபிக் கோப்பை விட்டுப்போன
அரைவட்டம்போல.

ஹீட்டர் பலகைக்குப் போனேன்.
சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது.
இந்த ஊரில் எல்லாவற்றின் மேலும் புழுதி;
அந்தக் குமிழின் மேல் மட்டும் இல்லை.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"அலாரம் ஐந்து இரவு விட்டுவிட்டு அடித்தது.
தெர்மோஸ்டாட் கோளாறு என்று எழுதிப்போட்டேன்,
இரண்டு முறை.
கொமதோரோவிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.
வியாழன் அணைத்தேன்.
நின்றபிறகு போட்டேன்."
வெளியே பனி தகரத்தில் மணல்போல விழுந்தது.
கொமதோரோவிலிருந்து வந்தவள் நான்தான்.

புதிய சீல்கள் இரண்டு பெட்டிகளில்.
தண்டின் இரு முனைக்கும் பள்ளங்கள் எதிரெதிர் வளைவு,
இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும்.
ஓ-ரிங்கை விரலால் உருட்டிப் பார்த்து
சிலிக்கோன் கிரீஸ் பூசினேன்,
ஒட்டியதா இல்லையா என்கிற அளவுக்கு.
விடிகாலை மூன்றரை. முட்டி மரத்துவிட்டது.
உருளையைத் தண்டின் வாயில் ஏற்றி
மெல்லத் தள்ள ஆரம்பித்தேன்.

"சுலேமா" என்றார்.
"அம்புக்குறி அந்தப் பக்கம் பார்க்கிறதே."

பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பதினாறு வருட வேலை எனக்கு;
அவருக்கு சீலை அவிழ்த்துப் பார்ப்பது இதுதான் முதல் முறை.
வெளியே எடுத்து, துடைத்து,
அடுத்த பெட்டியைத் திறந்தேன்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் சீல் வாயு, அடுத்து நைட்ரஜன்,
அதற்குப் பிறகே பேரிங் எண்ணெய்.
இந்த வரிசையை மாற்றினால் எண்ணெய் விருந்தாளியாய் வந்து உட்காரும்.
தண்டு அசைந்தது. கொஞ்சம் உரசியிருக்கும்,
வேகம் வரும்வரை உரசத்தான் செய்யும்.
பிறகு முள் இறங்கி
ஓரிடத்தில் நின்றது.
ஒவிதியோ அதை
தூங்கும் நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

படிவத்தில் எழுதினேன்:
காரணம், வாயுவில் ஈரம்.
தெர்மோஸ்டாட் பழுது; இருமுறை முன்னறிவிக்கப்பட்டது.
எழுதியது பொய்யில்லை.
சுவிட்ச் அணைந்திருந்த ஒன்றரை நாளுக்கும்
தப்பிய அம்புக்குறிக்கும்
அதில் கட்டம் இல்லை;
ஓரத்தில் எழுத இடம் இருந்தது.
பேனாவை மூடினேன்.

கிளம்பும்போது காற்று திரும்பியிருந்தது.
வேன் கதவை அவர் இரு கையாலும் பிடித்துக்கொண்டார்,
காற்று ஓயும்வரை அல்ல,
அது ஓயாது,
நான் ஏறி உட்காரும்வரை.